யாருடைய கையெழுத்து செல்லும்?

போலி மருத்துவர்களைத் தடுக்கத்தான் மருத்துவர் பதிவுச் சட்டம் பிறந்தது என்றே பலரும் நினைக்கிறோம். பழைய சட்டங்களைப் புரட்டினால் ஆச்சரியம் காத்திருக்கிறது. 1858இல் பிரிட்டன் இயற்றிய மருத்துவச் சட்டத்தில், பதிவில்லாதவர் வைத்தியம் பார்க்கக் கூடாது என்ற தடையே இல்லை. பதிவு பெற்றவர் என்று பொய்யாகக் காட்டிக்கொண்டால்தான் குற்றம். பதிவு பெற்றவருக்குச் சில உரிமைகள் கிடைத்தன: வராத கட்டணத்துக்கு வழக்குப் போடலாம், அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கலாம், சட்டம் கேட்கும் சான்றிதழில் கையெழுத்திடலாம்.

பிரிட்டனைவிடக் கறாராக இருந்தது பழைய பாக்தாத். 931இல், தவறான சிகிச்சையால் ஒருவர் இறந்துபோனதும், கலீஃபா அல்-முக்ததிர் அந்நகர வைத்தியர்கள் எல்லோருக்கும் பரீட்சை வைக்கச் சொன்னார். கலீஃபாவின் வைத்தியர் சினான் இப்னு தாபித் 860க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தார். சரியாக எழுதப் படிக்கத் தெரியாத ஒரு முதியவர் பிழைப்பைக் கெடுக்க வேண்டாமென்று கெஞ்ச, இனிப்புச் சாறுகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், ரத்தம் எடுக்கவோ பேதிக்குக் கொடுக்கவோ கூடாது என்று அனுமதித்தாராம்.

பிரிட்டிஷ் இந்தியா பாக்தாத் வழியில் போகவில்லை. லண்டன் அச்சிலேயே பம்பாய் 1912இலும் சென்னை மாகாணம் 1914இலும் சட்டம் போட்டன. சென்னைச் சட்டம் மாகாண எல்லையோடு நின்றது. கோலார் தங்கவயல் அந்த எல்லைக்கு மிக அருகில்தான். ஆனால் மைசூர் மகாராஜாவின் நிலம். அங்கே பதிவுச் சட்டம் வர 1931 ஆயிற்று. வடஆர்க்காட்டிலிருந்து வந்து தங்கவயலின் மாரிகுப்பத்தில் ரயிலிறங்கி, மைசூர் மைன்ஸ் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எல்லைக்கு இரு பக்கமும் நாட்டு வைத்தியரிடம் போக யாரும் தடை சொல்லவில்லை.

ஆனால் சுரங்கத்தில் டாக்டரின் கையெழுத்து இருந்தால்தான் சில காரியங்கள் நடக்கும். குவார்ட்ஸ் பாறையைத் துளைக்கும்போது எழும் மிக நுண்ணிய தூசி நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகிறது. அதை விழுங்கும் செல் செத்துப்போகும். தூசி கரையாமல் கிடந்து அடுத்த செல்லுக்குள் போகும். இப்படியே நுரையீரல் தழும்பேறி இறுகுவதுதான் சிலிகோசிஸ். இருமலும் இளைப்பும் காசநோய் போலவே இருக்கும். நாடி பிடித்துப் பிரித்தறிய முடியாது. எக்ஸ்ரே வேண்டும், எத்தனை வருடம் தூசியில் நின்றார் என்ற கணக்கும் வேண்டும். 1940களில் காப்லன், பர்டன் என்ற இரு ஆய்வாளர்கள் தங்கவயலில் 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிகோசிஸ் இருந்தது.

காசநோய் என்று எழுதினால் அது வீட்டிலிருந்து வந்த நோய். சிலிகோசிஸ் என்று எழுதினால் வேலையால் வந்தது, நஷ்டஈடு கேட்கலாம். எழுதும் உரிமை பதிவு பெற்றவருக்கு மட்டும். தங்கவயலின் பெரிய ஆஸ்பத்திரியை நடத்தியதோ சுரங்கக் கம்பெனிகள். பதிவேடு ஒருவரின் படிப்புக்குச் சாட்சி சொல்லும்; அவர் யாரிடம் சம்பளம் வாங்குகிறார் என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது. இந்தச் சட்டங்களின் பெரிய ஓட்டை இதுதான் என்பேன்.

பதிவில்லாதவர் அலோபதி வைத்தியமே பார்க்கக் கூடாது என்ற நாடு தழுவிய தடை, 1956ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டத்தில் 1964இல் செய்த திருத்தத்தோடுதான் வந்தது. சித்தா, ஆயுர்வேதம், யுனானிக்கு 1970இல் தனிச் சட்டம். தகுதியும் பதிவும் இல்லாத பரம்பரை வைத்தியர்கள் தொழில் நடத்த முடியாதென்று உச்ச நீதிமன்றம் 2018இல் கேரள வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி, பதிவில்லாமல் மருத்துவம் பார்ப்பவருக்கு ஓராண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

மறுபடி சுரங்கத்துக்கு வருவோம். 1952ஆம் ஆண்டு சுரங்கச் சட்டம் டாக்டர்களுக்கும் ஒரு கடமை வைத்தது. சுரங்கத் தொழிலாளிக்கு அறிவிக்கப்பட்ட தொழில்நோய் இருப்பதாகத் தெரிந்தால், அவரைப் பார்க்கும் மருத்துவர் தாமதிக்காமல் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்றது. எழுதாமல் விட்டால் அச்சட்டம் விதித்த அதிகபட்ச அபராதம் 50 ரூபாய்.