யன்னல் ஒன்றின் விலை: பிடுங்கப்பட்ட நிலைகளும் எமது வீட்டுக் கணக்கும்

வலிகாமம் வடக்கிலும் வன்னியிலும் மீள்குடியேறிய கிராமங்களுக்குள் இன்றும் நடந்து பார்த்தால், ஓடு போட்டு, வெள்ளை அடித்து, முன்கதவும் பூட்டிய வீடுகளில் யன்னல் இருக்க வேண்டிய இடத்தில் தகரம் அடிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். சில வீடுகளில் அந்த இடம் சீமெந்துக் கல் வைத்து அடைக்கப்பட்டிருக்கிறது. கூரை போட்டவர்கள் ஏன் யன்னலை விட்டார்கள் என்று வெளியிலிருந்து வருபவர்கள் கேட்பார்கள். அங்கு இருப்பவர்களிடம் கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: காசு கூரையோடு முடிந்துவிட்டது.

1990ஆம் ஆண்டு இடம்பெயர்ந்து, கால் நூற்றாண்டுக்கும் மேலாக உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்த வீடுகளுக்குத் திரும்பியவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. சுவர்கள் நின்றன. கூரையும் கதவுகளும் யன்னல்களும் இல்லை. ஒன்பது யன்னல்களை மீளப் போட வேண்டியிருந்தது. அதற்காக மரக்காலைகளுக்கும் வெல்டிங் கடைகளுக்கும் ஏறி இறங்கியபோது விளங்கிக்கொண்டவற்றை, இதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். விலைகள் மாதத்துக்கு மாதம் மாறுவதால் ரூபாக் கணக்கைத் தவிர்த்திருக்கிறேன். அந்த விலையை எவை கூட்டுகின்றன, எவை குறைக்கின்றன என்பதுதான் இங்கு விடயம்.

கதவு போனதா, நிலை போனதா?

யன்னல் மாற்றும் செலவில் முதற்கேள்வி இதுதான். மற்ற இடங்களில் ஒரு பழைய யன்னலை மாற்றுவதென்றால் பெரும்பாலும் உக்கிய கதவையோ உடைந்த கண்ணாடியையோ மாற்றுவார்கள். நிலை சுவரில் இருக்கும். எமது வீடுகளில் நிலையே பிடுங்கப்பட்டுவிட்டது. இந்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை ஒரு கணக்கில் காட்டலாம்.

4 அடி அகலமும் 4 அடி உயரமும் கொண்ட, இரண்டு கதவுகள் வைத்த சாதாரண யன்னல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுற்றி வரும் நிலைக்கு 16 அடி, நடுக்காலுக்கு 4 அடி என்று மொத்தம் 20 அடி மரம் வேண்டும். அதை 4 அங்குலம் × 3 அங்குலம் கனத்தில் போட்டால் ஏறத்தாழ 1.67 கன அடி. கண்ணாடி பதிக்கும் இரண்டு கதவுகளின் சட்டங்களுக்கு ஏறத்தாழ 22 அடி மரம் தேவை. ஆனால் அது 3 அங்குலம் × 1½ அங்குலக் கனம். எனவே முக்கால் கன அடியும் வராது. அதாவது கதவுகளுக்குப் போகும் மரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமான மரம் நிலைக்கே போகிறது. ஆறு யன்னல் உள்ள சிறிய வீட்டில் நிலைகளுக்கு மட்டும் 10 கன அடி. அரியும்போதும் பொருத்து வெட்டும்போதும் கழிவது வேறு.

சுவரின் காயம்

நிலையைப் பிடுங்கியவர்கள் அதைப் பக்குவமாகக் கழற்றவில்லை. சுவருக்குள் இறுக்கியிருந்த இரும்புப் பட்டிகளோடு சேர்த்து அலவாங்கால் பெயர்த்தார்கள். அதனால் யன்னல் வாயின் இரு பக்கமும் உடைந்து, 4 அடி வாய் சில இடங்களில் நாலரை அடியாகிவிட்டது. புதிய நிலையை வைக்க முன்னர் அந்த ஓரங்களை மேசன் கட்டி நேராக்க வேண்டும். நிலை வைத்த பின் மீண்டும் பூச வேண்டும். இந்தக் கூலி யன்னலின் விலைக்குள் வராது. தச்சுவேலைக்காரர் தரும் மதிப்பீட்டில் இது இருக்காது. ஆனால் மொத்தச் செலவில் இருக்கும்.

அதைவிட முக்கியமானது மேலே உள்ள லின்டல். எறிகணை விழுந்த அதிர்வில் விரிசல் கண்ட லின்டலும், கூரையில்லாமல் பல மாரிகள் நனைந்து உள்ளே கம்பி துருப்பிடித்த லின்டலும் எம்மிடம் நிறைய உண்டு. சீமெந்து தகடு தகடாகக் கழன்று கம்பி வெளியே தெரிந்தால், அல்லது யன்னல் மூலையிலிருந்து சரிவாக மேல்நோக்கி வெடிப்புப் போயிருந்தால், யன்னலுக்குக் கைவைக்க முன்னர் அதைத் திருத்த வேண்டும். சுமையைத் தாங்க வேண்டியது லின்டல், நிலை அல்ல. எங்கள் வீட்டில் ஒன்பதில் இரண்டு லின்டல்களைப் புதிதாக வார்க்க வேண்டி வந்தது. அந்த இரண்டு யன்னல்களுக்கும் மற்றவற்றை விட மிக அதிகமாகச் செலவானது.

பழைய யாழ்ப்பாணக் கல்வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர்கள் தடிப்பானவை. யன்னல்கள் ஒன்றுக்கொன்று அளவு மாறியவை. கடையில் ஆயத்தமாக விற்கும் அளவுகள் அவற்றுக்குப் பொருந்தா. ஒவ்வொன்றையும் அளந்துதான் செய்ய வேண்டும். மேலும், கீழுமாகவும் இடமும் வலமுமாகவும் இரண்டு இடங்களில் அளந்து குறைந்த அளவை எடுப்பதே பாதுகாப்பு.

எந்த மரம், எந்தப் பொருள்?

தேக்கும் முதிரையும் விலை கூடியவை. பாலை உரமானது, ஆனால் வைரம் பாய்ந்த மரம் என்பதால் அரியவும் துளைக்கவும் நேரமெடுக்கும், கூலியும் ஏறும். வேம்பு எமது பகுதியில் கிடைக்கக்கூடியது, பூச்சியையும் ஓரளவு தாங்கும். வளவில் நின்ற மரத்தைத் தறித்துப் பயன்படுத்த நினைப்பவர்கள், தறிக்கவும் ஏற்றிச் செல்லவும் அனுமதி தேவையா என்பதைக் கிராம அலுவலரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

மரத்தின் பெயரைப் போலவே அதன் காய்ச்சலும் விலையைத் தீர்மானிக்கும். ஈரமரம் மலிவு. ஆனால் ஆறு மாதத்தில் சுருங்கி, பொருத்து விலகி, கதவு கோணலாகிவிடும். பிறகு செய்யும் திருத்தத்தையும் சேர்த்தால் அது மலிவல்ல.

கொங்கிறீற் நிலை மரத்தை விட மலிவானது, கறையானும் ஏறாது. ஆனால் பிணைச்சல் பூட்டும் இடங்களை வார்க்கும்போதே சரியாக விட்டிருக்க வேண்டும். பின்னர் துளைத்தால் ஓரம் உடையும்.

அலுமினியம் இப்போது பலரின் தெரிவு. உக்காது, கறையான் இல்லை, வேகமாகப் பூட்டிவிடலாம். இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, தள்ளித் திறக்கும் யன்னலில் எப்போதும் பாதிதான் திறக்கும். 16 சதுர அடி யன்னலில் 8 சதுர அடிக்கே காற்று வரும். சித்திரை வெக்கையில் இந்த வேறுபாடு தெரியும். மற்றையது, விலை சட்டத்தின் தடிப்போடு மாறும். இரண்டு கடைகள் இரண்டு விலை சொன்னால் ஒரே தடிப்பா என்று கேட்க வேண்டும்.

பழைய நிலைகளும் விற்பனைக்கு வருவதுண்டு. நன்கு காய்ந்த, நல்ல சாதி மரம் என்பதால் அவை ஒரு வகையில் புதிய மரத்தை விடத் தரமானவை. அவை எந்த வீட்டில் கழற்றப்பட்டவை என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் அம்மா மட்டும் அப்படி ஒரு நிலை வீட்டுக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் எங்கள் செலவு கூடியது. அதில் எங்களுக்கு மனக்குறை இல்லை.

கம்பியும் கண்ணாடியும்

பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களில் யன்னலைப் பற்றிப் பேசினால் முதலில் வருவது வெளிச்சமோ காற்றோ அல்ல, பாதுகாப்பு. கம்பி இல்லாத யன்னலை இரவில் திறந்து வைக்க முடியாது. எனவே கம்பி மேலதிகச் செலவு அல்ல, யன்னலின் ஒரு பகுதி.

4 அடி யன்னலுக்கு 4 அங்குல இடைவெளியில் 11 கம்பிகள், மொத்தம் 44 அடி. 12 மில்லிமீற்றர் கம்பியென்றால் ஏறத்தாழ 12 கிலோ. 10 மில்லிமீற்றர் என்றால் ஏறத்தாழ 8 கிலோ. வெல்டிங் கடையில் விலை கேட்கும்போது இந்த இரண்டு எண்களையும், அதாவது கம்பியின் தடிப்பையும் இடைவெளியையும், சொல்லிக் கேளுங்கள். 6 அங்குல இடைவெளி விட்டால் 7 கம்பிதான் போகும். விலை குறையும், ஆனால் பாதுகாப்பும் குறையும். கடற்கரையோரக் கிராமங்களில் உப்புக்காற்று இரும்பைத் தின்னும். துருவைத் தடுக்கும் முதற்பூச்சை நான்கு பக்கமும் அடித்த பின்னரே கம்பியைப் பூட்ட வேண்டும்.

கண்ணாடி சதுர அடிக் கணக்கு. 3 மில்லிமீற்றரிலிருந்து 5 மில்லிமீற்றருக்குப் போனால் கண்ணாடியின் விலை மட்டும் ஏறுவதில்லை. பாரம் கூடுவதால் பிணைச்சலும் பெரிதாக வேண்டும்.

டொலரும் வரியும்

கண்ணாடி, அலுமினியத்தின் மூலப்பொருள், பூட்டு, பிணைச்சல் என்று யன்னலின் பல பாகங்கள் இறக்குமதியில் தங்கியவை. 2022 மார்ச் மாதத்துக்கு முன்னர் 200 ரூபாவை அண்டியிருந்த டொலர், அந்த மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. பின்னர் ஓரளவு இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. வற் வரியும் 2022இல் 8 வீதத்திலிருந்து 12 ஆகி, 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 வீதமானது.

இதன் பாதிப்பு எல்லோருக்கும் ஒன்றல்ல. வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு டொலர் ஏறும்போது கைக்கு வரும் ரூபாவும் ஏறுகிறது. தோட்டக்கூலியிலும் மீன்பிடியிலும் வாழும் குடும்பத்துக்கு யன்னலின் விலை மட்டும் ஏறுகிறது. ஒரே ஒழுங்கையில் ஒரு வீட்டில் அலுமினியமும் அடுத்த வீட்டில் தகரமும் இருப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

உதவித்தொகைக்குள் யன்னல்

2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் புதிய வீட்டுக்கு 550,000 ரூபாவும் திருத்த வேலைக்கு 250,000 ரூபாவும் கட்டம் கட்டமாக வழங்கப்பட்டன. பல குடும்பங்களுக்கு அது பேருதவி. ஆனால் கட்டம் கட்டமாக வரும் எந்த உதவியிலும் அத்திவாரமும் சுவரும் கூரையும் முதலில் வரும். யன்னல் கடைசியில் வரும். இடையில் சீமெந்து விலை ஏறினால் அடி விழுவது கடைசியில் இருப்பதற்குத்தான்.

சேத மதிப்பீடுகளிலும் இதே குறை. எங்கள் வீட்டுக்கு வந்த மதிப்பீட்டுப் படிவம் ஒன்றில் யன்னலுக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது: எத்தனை என்று எண்ணிக்கை மட்டும். கதவு மட்டும் போன யன்னலும், நிலை பிடுங்கி லின்டல் வெடித்த யன்னலும் அந்த வரியில் ஒன்றுதான்.

செலவைச் சமாளிக்கும் வழி

முழுவதையும் ஒரே தடவையில் செய்ய முடியாதவர்களுக்கு எங்கள் அனுபவத்தில் உதவிய ஒழுங்கு இது. முதலில் சுவரும் லின்டலும். அடுத்து எல்லா நிலைகளும், அவற்றோடு கம்பியும். இவை இரண்டும் மேசனின் வேலையோடு சேர்ந்தவை என்பதால் பிரித்துச் செய்தால் இரட்டைக் கூலி. கதவையும் கண்ணாடியையும் பிறகு அறை அறையாகப் போடலாம். அதுவரை பழைய தகரத்தைக் கம்பிக்கு வெளியே கொளுவி, பகலில் கழற்றி வைக்கலாம். வீடு பாதுகாப்பாகவும் இருக்கும், காற்றும் வரும்.

மதிப்பீடு கேட்கும்போது நிலை, கதவு, கம்பி, கண்ணாடி, பூட்டு சாமான், மேசன் கூலி என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். மொத்தமாக ஒரு தொகை சொன்னால் இரண்டு பேரின் விலையை ஒப்பிட முடியாது. அயலில் நான்கைந்து வீடுகள் சேர்ந்து ஒரே லோட்டில் மரம் எடுத்தால் ஏற்றுக்கூலி பகிரப்படும். வன்னியின் உட்கிராமங்களில் இது சிறிய தொகை அல்ல. வேலையை மாரிக்கு முன்னர், புரட்டாதிக்குள் முடிப்பது நல்லது. ஐப்பசி மழையில் திறந்த வாயோடு சுவர் நனைந்தால் பூச்சும் கெடும், மரமும் ஊதும்.

இழப்பீட்டுக்கோ வீட்டு உதவிக்கோ விண்ணப்பிப்பவர்கள் "யன்னல் 6" என்று மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். எத்தனை நிலை போனது, எத்தனை கதவு, எத்தனை கம்பி, எத்தனை லின்டல் வெடித்திருக்கிறது என்று நான்கு வரியாக எழுதி, ஒவ்வொரு யன்னல் வாயையும் தனித்தனியாகப் படமெடுத்து இணையுங்கள். படிவத்தில் இடம் இல்லாவிட்டால் வேறு தாளில் எழுதி இணைத்து, ஒரு பிரதியைக் கையில் வைத்திருங்கள். எமது இழப்பு எவ்வளவு என்பதை எமது கையாலேயே சரியாக எழுதி வைப்பது, காசு எப்போது வந்தாலும், செய்து முடிக்க வேண்டிய வேலை.