தராசு காட்டாத கொழுப்பு

"மெலிந்த மனிதர், இவருக்கா மாரடைப்பு?" மரண வீடுகளில் நாம் அடிக்கடி கேட்கும் வினா இது. உடல் பருத்தவர்களையே நீரிழிவும் இருதய நோயும் பீடிக்கும் என்ற எண்ணம் எம்மவர் மத்தியில் ஆழ வேரூன்றியுள்ளது. இதனால் மெலிந்த தோற்றமுடையோர் பலர் உரிய வேளையில் பரிசோதனைக்குச் செல்வதில்லை. நோய் முற்றிய பின்னரே வைத்தியசாலையை நாடுகின்றனர்.

உடற்பருமன் என்பது வெறும் நிறை மிகுதி அன்று. உடல்நலத்துக்குத் தீங்கு விளைவிக்கும் அளவுக்குக் கொழுப்பு சேர்ந்திருத்தலே உடற்பருமனாகும். தராசோ எலும்பு, தசை, நீர், கொழுப்பு ஆகிய யாவற்றையும் ஒன்றாகவே நிறுக்கின்றது.

கிலோகிராமிலான நிறையை மீற்றரிலான உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறப்படுவது உடற்றிணிவுச் சுட்டி. 19ஆம் நூற்றாண்டில் இக்கணிப்பை வகுத்த பெல்ஜிய அறிஞர் அடோல்ப் கெட்டலே, சராசரி மனிதனின் உடலமைப்பை அறியவே முயன்றார். நோயை இனங்காண்பது அவரது நோக்கமன்று. சுட்டி 25 ஆயின் மிகை நிறை, 30 ஆயின் உடற்பருமன் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பொதுவான வரையறை.

இவ்வரையறை தெற்காசியருக்கு முற்றாகப் பொருந்துவதில்லை. புனே நகரின் மருத்துவ ஆய்வாளர் யாஜ்னிக், பிரித்தானிய ஆய்வாளர் யட்கின் ஆகிய இருவரும் தம்மையே உதாரணமாகக் கொண்டு 2004இல் 'லான்செட்' சஞ்சிகையில் இதனை எடுத்துக் காட்டினர். இருவரதும் சுட்டி 22.3 ஆகவே இருந்தது. ஆனால், உடற்கொழுப்போ யட்கினுக்கு 9.1 வீதம், யாஜ்னிக்குக்கு 21.2 வீதம். அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவும், ஆசிய மக்கள் 23இலிருந்தே விழிப்படைய வேண்டும் எனவும் 27.5இல் ஆபத்து உயர்வானது எனவும் கருத்து வெளியிட்டது.

கொழுப்பின் அளவைப் போன்றே அது சேரும் இடமும் முக்கியமானது. தோலுக்கு அடியிலும் தொடையிலும் தங்கும் கொழுப்பு ஒப்பீட்டளவில் குறைந்த தீங்குடையது. வயிற்றறையினுள் ஈரலையும் குடலையும் சூழும் கொழுப்போ இன்சுலினின் தொழிற்பாட்டைத் தடுத்து, நீரிழிவுக்கும் உயர் குருதி அமுக்கத்துக்கும் இருதய நோய்க்கும் வழிகோலுகின்றது.

இதனை அறியப் பெருஞ் செலவு தேவையில்லை. தையற்காரரின் அளவு நாடா போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சை வெளிவிட்ட நிலையில், வயிற்றை உள்ளிழுக்காமல் அளக்க வேண்டும். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எல்லைகளாகும். நாடாவும் இல்லையெனில், உயரத்தின் அளவுக்கு ஒரு நூலை வெட்டி, அதனை இரண்டாக மடித்து இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். நுனிகள் சந்திக்காவிடின் அது எச்சரிக்கையே.

165 சென்ரிமீற்றர் உயரமும் 67 கிலோ நிறையும் உடைய ஒருவரின் சுட்டி 24.6. பொதுவான வரையறைப்படி அவர் நலமானவர். அவரது இடுப்பு 96 சென்ரிமீற்றர் எனின், நாடா வேறு கதை சொல்லும். அதேபோன்று, தசை வலிமை மிக்க விளையாட்டு வீரரைச் சுட்டி தவறாகப் பருமனானவர் எனக் காட்டவும் கூடும். சுட்டியை மட்டும் நம்பலாகாது என 2025 ஜனவரியில் சர்வதேச நிபுணர் ஆணைக்குழுவொன்றும் வலியுறுத்தியது.

எமது வீடுகளில் குடும்பத்தார் அனைவருக்கும் பரிமாறிய பின் உண்ணும் பெண்கள், தம் உடல்நலத்தையும் அவ்வாறே இறுதியில் வைக்கின்றனர். அளவு நாடா முதலில் அவர்களிடம் செல்லட்டும். அளவு எல்லையைத் தாண்டியிருப்பின் அஞ்சுவதோ வெட்கப்படுவதோ வேண்டாம். அண்மையிலுள்ள அரச வைத்தியசாலையில் குருதி வெல்லத்தையும் குருதி அமுக்கத்தையும் பரிசோதித்துக் கொள்வோம். சோற்றின் அளவைக் குறைத்து மரக்கறியைக் கூட்டுவதும், நாள்தோறும் அரை மணி நேரம் விரைந்து நடப்பதும் எவருக்கும் இயலக்கூடியவையே. மரண வீட்டில் எழும் வினாவை உயிருடன் இருக்கும்போதே எம்மிடம் நாமே எழுப்பிக் கொள்வது நன்று.