சளியில் கிருமி இல்லை, படத்தில் நிழல் இருக்கு

மூன்று வாரம் இருமினால் எங்கள் பக்கத்தில் முதலில் சளிப் பரிசோதனைதான். தப்பில்லை, காசநோய் அவ்வளவு இருக்கிறது. தேவாரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் டிபி மாத்திரை கொடுத்து, ஒழுங்காக விழுங்குகிறார்களா என்று பார்ப்பதுதான் ஓய்வு பெறும்வரை என் வேலை. சளியில் கிருமி இல்லை, எக்ஸ்ரேயில் மட்டும் நிழல் தெரிகிறது என்றால் எனக்கு மனசு நிற்காது.

ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வந்த ஒரு பெண். வயது நாற்பதைத் தொடவில்லை. டிபி மருந்து வேலை செய்தால் முதலில் பசி திரும்பும். இவரோ மருந்து தொடங்கி இரண்டு மாதமாகியும் தட்டைத் தள்ளிவைத்தார். சி.டி. எடுத்தார்கள், கட்டி. ஊசி விட்டுச் சதை எடுக்க வேண்டும் என்றதும் வீட்டில் ஒரே மறுப்பு: "ஊசி பட்டா பரவிரும்ணே." அந்தப் பயத்தில்தான் எத்தனையோ பேர் நாளைக் கடத்துகிறார்கள். சதை எடுக்காமல் எந்த வகை என்று தெரியாது. வகை தெரியாமல் மருந்தும் கிடையாது. கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். நுரையீரல் புற்றுநோய்.

நுரையீரல் புற்று என்றதும், 2012இல் கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங் மீண்டு வந்தாரே என்பார்கள். அவருக்கு வந்தது இரண்டு நுரையீரலுக்கும் நடுவே வளர்ந்த செமினோமா என்ற புற்று. கீமோவுக்கு நன்றாகவே கட்டுப்படும் வேறு நோய்.

"பீடி, சிகரெட்டுன்னு எதையும் தொட்டதில்லையே, எனக்கெப்படிண்ணே?" என்று அந்தப் பெண் கேட்டார். அடுப்புப் புகையைச் சந்தேகிக்கலாம், காற்று மாசைச் சந்தேகிக்கலாம்; ஒருவருக்கு இதனால்தான் என்று கை நீட்டிச் சொல்ல முடியாது. ஆனால் புகைக்காத இளவயதினருக்கு வரும் நுரையீரல் புற்றுநோயில் இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. போன்ற மரபணு மாற்றங்கள் அதிகம் தென்படுகின்றன. பெரும்பாலும் இவை கட்டிக்குள் மட்டும் நேர்ந்தவை, பிள்ளைகளுக்குப் போகாது. மாற்றம் இருந்தால் அதைக் குறிவைக்கும் மாத்திரையும் உண்டு.

நுரையீரல் புற்றில் ஏ.எல்.கே. மாற்றத்தை ஜப்பானில் ஹிரோயுகி மானோ குழு கண்டுபிடித்தது 2007இல். 2011இல் அமெரிக்காவில் அதற்கான கிரிசோட்டினிப் மாத்திரைக்கு அனுமதியே கிடைத்துவிட்டது. 2024இல் வெளியான ஆய்வில், முற்றிய நிலையில் லோர்லாட்டினிப் என்ற புதிய ஏ.எல்.கே. மாத்திரை எடுத்தவர்களில் 60 சதவீதம் பேருக்கு ஐந்து ஆண்டுக்குப் பிறகும் நோய் வளரவில்லை. பழைய கிரிசோட்டினிப்பில் அது 8 சதவீதம்தான். முற்றிய நோய் இதில் அடியோடு போய்விடாது, அடங்கியிருக்கும். ஆரம்பத்திலேயே பிடித்தால் அறுவை சிகிச்சையில் குணமாக வாய்ப்புண்டு. இளவயது என்பதாலேயே யாரும் சந்தேகிப்பதில்லை, அதனால் பலரும் முற்றித்தான் வருகிறார்கள்.

விலைதான் அடுத்த மலை. இ.ஜி.எஃப்.ஆருக்கான ஜெஃபிட்டினிப் இந்தியத் தயாரிப்பாகக் குறைந்த விலையில் கிடைக்கிறது. அதே மாற்றத்துக்கான புதிய மாத்திரை ஒசிமெர்டினிப்புக்கு 2024 பட்ஜெட்டில் சுங்க வரியை நீக்கினார்கள். அப்படியும் கூலிக்காரர் கைக்கு எட்டாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. எந்த மாத்திரைக்குச் செல்லும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு இருந்தது இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம். இப்போது தினம் ஒரு மாத்திரை. இருமல் குறைந்து, சாப்பாடும் இறங்குகிறது.

இன்னொன்று. எடுத்த சதையை லேபில் மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், 'பிளாக்' என்பார்கள். மரபணுப் பரிசோதனைக்கு வேறு ஊர் போக நேர்ந்தால் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் சதை போதுமான அளவு இருந்தால் மறுபடி ஊசி வேண்டியதில்லை.