மயிற்பொறியும் மனையிற் செய்த விமானமும்

சீவக சிந்தாமணியைக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் நாமகள் இலம்பகத்து மயிற்பொறியின் முன்னர்ச் சற்றே நின்று செல்வது வழக்கம். விசயை கண்ட கனவின் பயனை உணர்ந்த சச்சந்த மன்னன், பொறிவல்லான் ஒருவனைக் கொண்டு வானிற் செல்லும் மயிலொன்றைச் செய்விக்கின்றான். சீலை, நூல், பயின், அரக்கு, மெழுகு முதலியவற்றைக் கொண்டு ஏழு நாளில் அவன் அதனைச் செய்து முடித்தான் என்று திருத்தக்கதேவர் பாடுகின்றார். வலப்புறம் திருகினால் மயில் மேலெழும். இடப்புறம் திருகினால் தரையிறங்கி அமரும். அதனைச் செலுத்தும் முறையை அரசியும் பழகிக்கொள்கின்றாள்.

இப்பகுதியை யான் படிப்பித்த வேளை மாணவனொருவன் எழுந்து, “ஐயா, அந்த மயிலுக்கு எண்ணெய் எங்கே வார்த்தார்கள்?” என்று வினவினான். வகுப்புச் சிரித்தது. அவன் மண்டைதீவுப் பிள்ளை. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய வள்ளத்தில் தகப்பனாருடன் கடலுக்குப் போய் வருபவன். இயந்திரம் என்றதும் எண்ணெயை நினைக்கும் அவனுடைய வினா நகைப்புக்குரியதன்று. சீலையையும் அரக்கையும் எண்ணிச் சொன்ன புலவர் எரிபொருளைச் சொல்லவில்லை; அதனை மூட்டும் தீயையும் சொல்லவில்லை. காப்பியத்துக்கு அவை வேண்டா. ஆயின், தன் வீட்டுக் கொட்டிலிலே சிறு விமானமொன்றைச் செய்து, தானே அதில் ஏறிப் பறக்க விரும்பும் இக்காலத்தவனுக்கு அவ்விரண்டுமே உயிர்நிலை.

‘பொறி’ என்னும் நம் சொல் இங்கே உதவிக்கு வருகின்றது. பொறி என்பது இயந்திரம். பொறி என்பது தீத்துகள். பொறி என்பது பொறிக்கப்பட்ட எழுத்துமாம். இம்மூன்று பொருளும் ஒருங்கே கூடும் இடம் விமானம் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

வீட்டில் விமானம் செய்தல் விசித்திர விளையாட்டென்று சிலர் கருதலாம். விமானத்தின் வரலாறே அவ்வாறு தொடங்கியதுதான். 1903 டிசெம்பர் 17 ஆம் திகதி பறந்த ரைட் சகோதரரின் விமானம், சைக்கிள் கடை நடத்திய இருவர் மரத்தாலும் சீலையாலும் அமைத்தது. அதன் இயந்திரம் ஏறத்தாழ 12 குதிரைவலு உடையது. எரிபொருட் கலன் இயந்திரத்துக்கு மேலே சட்டமொன்றிற் கட்டப்பட்டிருந்தது, பெற்றோல் தன் பாரத்தாலேயே கீழே வழிந்தது, பம்பி இல்லை. பற்றரி இயந்திரத்தை முடுக்குவதற்கு மாத்திரம் பயன்பட்டுத் தரையிலேயே விடப்பட்டது. பறக்கும்போது மின்பொறியை இயந்திரத்தோடு சுழலும் மக்னீற்றோ தந்தது. முதற் பறப்பு 12 வினாடியளவே. ஏழே ஆண்டில், 1910 மார்ச்சில், சென்னையில் ஹோட்டல் நடத்திய டி ஆஞ்சலிஸ் என்பவர் சிம்சன் கம்பனியாரைக் கொண்டு செய்வித்த விமானத்தைத் தீவுத்திடலில் மக்கள் காணப் பறக்கவிட்டார். 1953 இல் அமெரிக்காவிலே பரிசோதனை விமானச் சங்கம் தோன்றியபின் இம்முயற்சி ஓர் இயக்கமாக வளர்ந்தது. இத்தகைய விமானத்தின் பெரும்பகுதியைச் செய்பவர், கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தாமே செய்திருத்தல் வேண்டும் என்பது அந்நாட்டு விதி.

நம் நாட்டிலும் இத்துறைக்கு ஒரு பெரியார் இருந்தார். றே விஜேவர்தன (1924–2010) கேம்பிறிட்ஜிற் பொறியியல் கற்றவர். 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் பாய்மர ஓட்டத்தில் இலங்கைக்காகப் போட்டியிட்டவர். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக வீற்றிருந்தவர். சிறு விமானங்களைத் தம் கையாற் செய்து தாமே ஓட்டினார். வடபகுதிக் கமக்காரர் அவர் பெயரை அறியாதிருக்கலாம். ஆயின் இரு சக்கர உழவு இயந்திரத்தை ‘லாண்ட்மாஸ்ரர்’ என்று அழைக்கும்போது அவர் கைவண்ணத்தையே குறிப்பிடுகின்றனர். அவ்வுழவு இயந்திரத்தை உருவாக்கியவர் அவரே. பிற்காலத்தில் அவரே, தாம் எருமையை இயந்திரமாக்கினாரேயன்றி வேளாண்மையைத் திருத்தவில்லை என்று எண்ணி, உழாமற் பயிரிடும் முறையை வற்புறுத்தினார். தான் செய்ததைத் தானே விசாரணை செய்யும் இக்குணம் விமானம் செய்பவனுக்கு இன்றியமையாதது. அவனுடைய பரீட்சையில் வினாத்தாளைத் தயாரிப்பவனும் அவனே, விடை எழுதுபவனும் அவனே, சித்தியடையாவிடின் விழுபவனும் அவனே.

முதலில் எரிபொருளை நோக்குவோம். பண்ணைக் கடலில் தொழில் செய்பவருக்கு இது புதிய பாடமன்று. பெற்றோலில் நீர் கலந்தால் இயந்திரம் இருமி நிற்கும் என்பதை அவர் அறிவர். ஒரு லீற்றர் பெற்றோல் முக்கால் கிலோ அளவே நிறுக்கும். நீரோ ஒரு கிலோ நிறுக்கும். ஆதலால் நீர் கலனின் அடியிற் சென்று தங்கும். அதனை வெளியேற்ற, கலனிலும் குழாய்த் தொகுதியிலும் உள்ள மிகத் தாழ்ந்த இடங்களில் வடிதிருகி அமைப்பர். பறக்குமுன் அதனைத் திறந்து சிறிது எரிபொருளைக் கண்ணாடிக் குவளையில் ஏந்திப் பார்த்தல் விதி. அடியில் முத்துப்போல் நீர் திரண்டிருப்பின் அன்று பறப்பு இல்லை; நீர் முற்றாக வடியும் வரை காத்திருத்தல் வேண்டும்.

இரண்டாவது, கலன் மூச்சுவிடும் துளை. எரிபொருள் குறையக் குறையக் காற்று உட்புக வேண்டும். அத்துளையைக் குளவி கூடு கட்டி அடைத்தாலும் போதும். கலனுள் வெறுமை தோன்றி, எண்ணெய் நிறைய இருக்கவே இயந்திரம் பட்டினியால் நிற்கும். மூன்றாவது, வெப்பம். புகைபோக்கிக்கு அண்மையில் எரிபொருட் குழாய் சென்றால் பெற்றோல் குழாயினுள்ளேயே ஆவியாகிக் குமிழிகளாக வழியை அடைக்கும். நான்காவது, றப்பர். இக்காலத்துப் பெற்றோலில் மதுசாரம் கலக்கும் நாடுகள் பல. அம்மதுசாரம் சிலவகை றப்பர்களைப் பருக்கச் செய்யும், நீரையும் ஈர்க்கும். படகுக்கும் காருக்கும் வாங்கிய குழாயை ஆராயாமல் விமானத்திற் பூட்டலாகாது.

இவையெல்லாம் சரியாயிருப்பினும் ஒரு பரீட்சை எஞ்சும். விமானம் மேலேறும்போது மூக்கு உயரும். கலனுக்கும் இயந்திரத்துக்கும் உள்ள மேடு பள்ளம் மாறும். ஆதலால் தரையிலேயே மூக்கை அவ்வளவுக்கு உயர்த்தி வைத்து, கலனிற் சிறிதே எண்ணெய் விட்டு, குழாயைக் கழற்றி, ஒரு நிமிடத்தில் எவ்வளவு வழிகின்றது என்று அளப்பர். தன் பாரத்தால் வழியும் அமைப்பாயின் முழுவலுவுக்கு வேண்டியதன் ஒன்றரை மடங்கும், பம்பியால் வருவதாயின் ஒன்றேகால் மடங்கும் வருதல் வேண்டும். மணிக்கு 20 லீற்றர் குடிக்கும் இயந்திரத்துக்கு, வழிந்து வரும் அமைப்பில் நிமிடத்துக்கு அரை லீற்றர் வந்தாற் போதும் என்பது கணக்கு. வாளியும் மணிக்கூடும் இருந்தால் நம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்யத்தக்க பரீட்சை. உயிரைக் காப்பதில் இதற்கு மிஞ்சியவை சிலவே.

இவற்றை யான் விளக்கியபோது அம்மாணவனின் தகப்பனார் சொன்ன வார்த்தை எந்த உரைநூலினும் மேலானது. “கடலிலை மெசின் நிண்டால் நங்கூரம் போடலாம், ஐயா. ஆகாயத்திலை எதைப் போடுறது?” 2022 இல் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டால் வள்ளங்கள் கரையில் கிடந்த நாட்களை அறிந்தவர் அவர். எண்ணெய் இல்லாக் கொடுமை கரையிலேயே அத்துணைப் பெரிதாயின், ஆயிரம் அடி உயரத்தில் அது எத்தகையது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, இரண்டாம் பொறியாகிய மின்சாரம். பழைய விமான இயந்திரங்களில் மக்னீற்றோ இரண்டு. உருளை ஒவ்வொன்றுக்கும் பொறிச்செருகி இரண்டு. பற்றரி செத்தாலும் இயந்திரம் ஓடும். ஒரு மக்னீற்றோ பழுதானாலும் மற்றையது ஓட்டும். வீட்டிலே கம்பி அறுந்தால் விளக்கு அணையும் என்பது நம் அனுபவம். மக்னீற்றோவில் நிகழ்வது மறுதலை. அதனை நிறுத்துவதற்கே கம்பி தேவை; ஆளியைத் திருப்பும்போது அதன் மின்சாரம் அக்கம்பி வழியே இயந்திர உடலுக்குச் சென்று வலுவிழக்கும். கம்பி அறுந்திருப்பின் ஆளி ‘நிறுத்தம்’ என்று காட்டும், மக்னீற்றோ உயிரோடிருக்கும். நின்ற விமானத்தின் சுழலியைக் கையாற் சிறிது அசைத்தாலும் இயந்திரம் முடுகி அருகில் நிற்பவரை வெட்டிவிடக் கூடும். ஆதலாற் சுழலியை எப்பொழுதும் உயிருள்ள பாம்பாகக் கருதுக என்று பழகியவர் கற்பிப்பர்.

புதிய இயந்திரங்களில் நிலைமை வேறு. எரிபொருளைத் தெளிப்பதும் பொறியை எழுப்புவதும் மின்னணுக் கருவிகளே. அங்கே மின்சாரம் நின்றால் இயந்திரமும் நிற்கும். ஆதலால் இரண்டாவது பற்றரியும், அதற்குத் தனி வழியும் வேண்டப்படும். மரத்தாலோ கண்ணாடிநாராலோ செய்த விமானத்தில் உலோக உடல் இல்லை. மின்சாரம் திரும்பி வரத் தனிக் கம்பி இட வேண்டும். பியூஸ் கருவியைக் காப்பதற்கன்று, வயர் எரியாமற் காப்பதற்கு. ஆதலால் அது மின்சாரம் புறப்படும் இடத்துக்கு அண்மையில் இருத்தல் வேண்டும். எரிபொருட் குழாயும் வயரும் ஒரே வழியிற் செல்ல நேரின் வயர் மேலும் குழாய் கீழும் செல்க. குழாய் கசிந்தாலும் துளி வயரில் விழாது.

பொருத்துகளைப் பற்றி ஒரு சொல். ஈயம் உருக்கி ஒட்டினால் உறுதி என்று நாம் நினைப்போம். உருகிய ஈயம் கம்பி இழைகளினூடே ஏறி, நெகிழ வேண்டிய இடத்தை விறைக்கச் செய்யும். இயந்திரத்தின் அதிர்வு நாளடைவில் அவ்விறைப்பின் ஓரத்தையே முறிக்கும். அதனால் உரிய கருவியால் நெரித்துப் பொருத்தும் முறையையே பெரிதும் கொள்கின்றனர். இலக்கணம் படிப்பிக்கும் எனக்கு இது வியப்பன்று. தனிச் சொற்களை எழுதும்போது பிழைவிடாத மாணவனும் புணர்ச்சியில் விடுவான். விமானத்திலும் கலனும் நன்று, கம்பியும் நன்று. கேடு வருவது அவை கூடும் இடத்தில்.

எஞ்சியது மூன்றாம் பொறி. அதன் விலையை உலகுக்கு உணர்த்திய நாள் 1997 ஒக்டோபர் 12. அமெரிக்கப் பாடகர் ஜோன் டென்வர், தாம் அண்மையில் வாங்கிய லோங் ஈசி என்னும் சிறு விமானத்தைக் கலிபோர்னியாவின் மொன்ரறேக் குடாவின் மேல் ஓட்டிச் சென்று கடலில் விழுந்து இறந்தார். பேர்ட் ரூட்டன் வகுத்த அவ்விமானத்தில் இறக்கைக்கு ஒன்றாக எரிபொருட் கலன்கள் இரண்டு. எக்கலனிலிருந்து எண்ணெய் எடுப்பது என்று தெரிந்துகொள்ளும் திருகி விமானியின் கால்களுக்கிடையில், கைக்கெட்டும் இடத்தில் அமைதல் வேண்டும் என்பது அவர் வரைந்த படம். இவ்விமானத்தைச் செய்தவரோ அதனை விமானியின் இடத்தோளுக்குப் பின்னே வைத்தார். எரிபொருட் குழாய்கள் விமானி இருக்கும் அறையினுள் வருதல் ஆகாது என்பது அவர் எண்ணம். எண்ணம் நல்லதே. விளைவு யாது? திருகியைத் தொட விமானி உடலை முறுக்கித் திரும்ப வேண்டும். அப்போது வலக்கால் தன்னையறியாமல் மிதியை அழுத்தும். கைப்பிடி இலகுவிற் திரும்பவில்லை. அதனை வலப்புறம் திருப்பினால் இடக்கலன் திறக்கும். எப்பக்கம் எக்கலன் என்று அருகே எழுதியும் இருக்கவில்லை. புறப்படுமுன் எண்ணெய் நிரப்பவும் இல்லை. விசாரணை செய்த அரசாங்கச் சபை, விமானியின் கவனம் திருகியிற் சென்றதையும் எண்ணெய் குறைந்திருந்ததையும் முதற் காரணங்களாகக் கூறி, குறியில்லாத அத்திருகியை எட்டா இடத்தில் வைத்ததையும் காரணங்களுள் ஒன்றாக எழுதிற்று.

செய்தவர் அவ்விமானத்தை எவ்வளவோ முறை ஓட்டியிருக்கலாம். அவருக்குத் திருகி எங்கே என்று தெரியும். வாங்கியவருக்கு அவ்வறிவு வரவில்லை. நூலைச் செய்தவனுக்கு உரை வேண்டா. கற்பவனுக்கு உரை வேண்டும். சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் உரை இல்லையேல் நம்மில் எத்தனைபேர் அதனுட் புகுவோம்? ஒரு சிறு தகட்டில் ‘இடம்’, ‘வலம்’, ‘அடைப்பு’ என மூன்று சொற்களைப் பொறித்து ஒட்டுதல் பொறிவல்லான் தன் நூலுக்கு எழுதும் உரையாகும்.

திருத்தக்கதேவரின் மயிலை மீண்டும் நோக்குக. பகைவனின் வெற்றிமுரசு கேட்டு விசயை வானிலேயே மயங்குகின்றாள், பொறியோ மெல்ல இறங்கிச் சுடுகாட்டில் அமர்கின்றது, சீவகன் பிறக்கின்றான். செலுத்துபவள் உணர்விழந்தபோதும் அவளைக் கொல்லாத பொறியைப் புலவர் கற்பனை செய்தார். வலம் என்றால் ஏற்றம், இடம் என்றால் இறக்கம், அதிலும் மயக்கமில்லை. பெற்றோலால் ஓடும் நம் பொறிகளுக்கு அத்துணைக் கருணை இல்லை. எண்ணெய் நின்றால் அவை நிற்கும். கம்பி தேய்ந்தால் அவை எரியும். ஆதலால் அக்கருணை செய்பவன் கையில் இருத்தல் வேண்டும். இயந்திரத்தை அமைத்து, தீயை அதனுள் அடக்கியவனுக்கு மூன்றாவதொரு கடன் உண்டு. தான் இல்லாத நாளில் அதில் ஏறப்போகும் ஒருவனுக்காக எழுத்தைப் பொறித்து வைத்தல் அது.