வியட்நாமியக் குளிர்கோப்பியை வீட்டில் போடுவது எப்படி?

மெல்பேர்ணில் கோடை தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டுத் தேநீர்க் கேத்திலுக்கு ஓய்வுதான். வெயில் 40 பாகையைத் தொடும் நாளில் ஸ்பிறிங்வேல் பக்கம் மீனும் மரக்கறியும் வாங்கப் போனால், ஒரு வியட்நாமியக் குளிர்கோப்பி குடிக்காமல் திரும்புவதில்லை. டண்டினோங்கைச் சுற்றி வாழும் நம்மவர் பலருக்கும் இது பழகிப்போன வழக்கம். ஆனால் நாலு பேருக்கு வாங்கினால் ஒரு நேரச் சமையலுக்கான காசு போய்விடுகிறது. சரி, வீட்டிலேயே போட்டுப் பார்ப்போம் என்று இறங்கினோம்.

முதல் கோடை முழுவதும் தோல்வி. பேரங்காடியில் விற்கும் நல்ல அரபிக்காத் தூளை வாங்கி, வழக்கம்போல் வடித்து, ரின்பால் கலந்து, ஐஸ்கட்டி போட்டோம். இரண்டு வாய் குடிப்பதற்குள் அது இனிப்புத் தண்ணீராகிவிட்டது. தூளைக் கூட்டினால் புளித்தது. ரின்பாலைக் கூட்டினால் திகட்டியது. கடைசியில் பிழையைக் கண்டுபிடித்தவர் அயல்வீட்டு வியட்நாமிய அம்மா. எங்கள் தூள் பக்கெற்றை வாங்கி மணந்து பார்த்தவர், சிரித்தபடி திருப்பித் தந்துவிட்டார். அடுத்த நாள் கன்னங்கரேலென்று வறுத்த தூளும் ஒரு சின்ன அலுமினிய வடியும் கொண்டுவந்தார். பிழை எங்கள் கைப்பக்குவத்தில் அல்ல, கொட்டையில்தான் என்பது அப்போதுதான் விளங்கியது.

வியட்நாமில் விளையும் கோப்பியில் மிகப் பெரும்பகுதி ரொபஸ்ரா இனம். கோப்பி உற்பத்தியில் பிரேசிலுக்கு அடுத்த இடம் வியட்நாமுக்கு. ரொபஸ்ராவை மட்டும் எடுத்தால் அதுதான் முதலிடம். புவோன் மா துவோட் நகரைச் சுற்றியுள்ள மத்திய மேட்டுநிலமே அதன் தாயகம். ரொபஸ்ராவில் புளிப்புக் குறைவு, கசப்பு அதிகம், கஃபீன் அரபிக்காவைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. தனியே குடித்தால் பலருக்கு முகம் சுளிக்கும். ஆனால் ரின்பாலின் இனிப்பையும் உருகும் ஐஸையும் எதிர்த்து நிற்க அந்த முரட்டுத்தனம்தான் வேண்டும். மென்மையான அரபிக்கா அந்த இடத்தில் காணாமற்போய்விடுகிறது.

இந்த ரொபஸ்ரா உலகெங்கும் பரவியதற்கும் இலங்கை மலைநாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. இன்று தேயிலைக்குப் பெயர்போன அந்த மலைகளில் வெள்ளைக்காரர் முதலில் நட்ட பெரும்பயிர் கோப்பி. தமிழகத்திலிருந்து நம் மக்களை மன்னார் வழியாகக் கால்நடையாகக் கொண்டுவந்தது முதலில் அதற்காகத்தான். அந்த வழியில் செத்துப்போனவர்கள் ஏராளம். 1869இல் இலங்கைத் தோட்டங்களில் இலைத்துரு என்ற பூஞ்சண நோய் கண்டறியப்பட்டது. ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலை வந்தது. நோய் ஜாவா வரைக்கும் போய் அங்கும் அரபிக்காவைத் தின்றது. அதைத் தாங்கி நிற்கக்கூடிய இனம் என்றுதான் ஆபிரிக்காவின் ரொபஸ்ராவை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆசியாவில் நடத் தொடங்கினார்கள். மலையகத்து வேர் உள்ள நண்பர் ஒருவருக்கு இதைச் சொன்னபோது, கையில் இருந்த குவளையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

ரின்பாலுக்கும் காரணம் உண்டு. பிரெஞ்சுக்காரர் 19ஆம் நூற்றாண்டில் கோப்பியை வியட்நாமுக்குக் கொண்டுபோனபோது அங்கே பசும்பால் அருமை, கிடைத்தாலும் அந்த வெக்கையில் தங்காது. எனவே பேணியில் அடைத்த பால். நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. பால்பேணியில் இரண்டு ஓட்டை போட்டுத் தேநீருக்கு விட்டும், யாரும் பாராத நேரத்தில் விரலில் விட்டு நக்கியும் வளர்ந்தவர்கள்தானே நாம்.

இனி செய்முறை. ஃபின் எனப்படும் அந்த வடி வியட்நாமியக் கடைகளில் சில டொலருக்குக் கிடைக்கும். அடியில் ஓட்டைகள் உள்ள கிண்ணம், தூளின்மேல் வைக்கும் ஓட்டைத்தட்டு, மூடி, குவளை விளிம்பில் உட்காரும் தட்டு, அவ்வளவுதான். ஒருவருக்கு 20 கிராம் தூள் எடுங்கள். எலக்ரிக் தராசு இல்லையென்றால் குவித்த மூன்று மேசைக்கரண்டி. தூள் மாவாக இருக்கக்கூடாது, சற்றுக் கரடாக இருக்கவேண்டும். குவளையில் முதலில் 30 கிராம் ரின்பால் விட்டு, மேலே வடியை வையுங்கள். தூளைப் போட்டு, தட்டிச் சமப்படுத்தி, ஓட்டைத்தட்டை மெல்ல வையுங்கள். அழுத்தவேண்டாம். எங்கள் பிள்ளைகள் ஆர்வக்கோளாறில் அழுத்தி, ஒரு சொட்டும் இறங்காமல் காலைமுழுதும் காத்திருந்த கதையெல்லாம் உண்டு.

கொதித்து ஒரு நிமிடம் ஆறிய நீரில் முதலில் இரண்டு மேசைக்கரண்டியளவு விட்டு அரை நிமிடம் பொறுங்கள். தூள் ஊறி உப்பும். பிறகு மிச்ச நீரை விடுங்கள். எல்லாமாக 120 மில்லிலீற்றர் போதும். மூடிவிட்டுக் காத்திருங்கள். சொட்டுச்சொட்டாக இறங்கி நாலைந்து நிமிடத்தில் முடியவேண்டும். இரண்டு நிமிடத்தில் ஓடிவிட்டால் தூள் மிகக் கரடு. பத்து நிமிடமாகியும் நின்றால் தூள் மிக நைசு, அல்லது தட்டை அழுத்திவிட்டீர்கள்.

இப்போது ஒரு முக்கியமான விடயம்: சூடு ஆறுமுன் ரின்பாலை அடிவரை கலக்குங்கள். குளிர்ந்தால் கரையாது, அடியில் களியாக நிற்கும். நன்றாகக் கலந்தபின் ஐஸ்கட்டி நிறைந்த உயரமான குவளையில் ஊற்றுங்கள். ஐஸ் பெரிதாக இருப்பது நல்லது. சின்னக் கட்டி சட்டென்று உருகித் தண்ணீராக்கிவிடும். வியட்நாமியர் இதை 'கா ஃபே சுவா டா' என்பார்கள். சுவா பால், டா ஐஸ். டா என்றால் கல் என்றும் பொருளாம்.

வடி இல்லாதவர்கள் நம் ஊர்ப் பில்ரரில் கெட்டியாக டிக்காசன் இறக்கியும் செய்யலாம். தூள்தான் கவனம். இந்தியாவிலும் ரொபஸ்ரா நிறைய விளைகிறது. ஆனால் கடைப் பக்கெற்றுகளில் பெரும்பாலும் சிக்கரி கலந்திருக்கும். அமெரிக்காவில் வாழும் வியட்நாமியர் பலர் நியூ ஓர்லியன்ஸின் சிக்கரி கலந்த கோப்பியைப் பாவிக்கிறார்கள். அது 1975க்குப் பிறகு அகதியாகப் போன இடத்தில், கைக்கெட்டியதை வைத்துச் சமாளித்த வழக்கம். ருசி மோசமில்லை.

கடைசியாக, நாம் அதிகம் பேசாத ஒன்று. 30 கிராம் ரின்பாலில் சுமார் 16 கிராம் சீனி இருக்கிறது. அதாவது நாலு தேக்கரண்டி. கடைகளில் இதைவிடத் தாராளமாகவே விடுவார்கள். கோப்பிதானே என்று நினைத்து நம் பெரியவர்கள் நாளுக்கு இரண்டு குடிக்கிறார்கள். நீரிழிவு இல்லாத வீடு நம்மிடையே எத்தனை இருக்கிறது? எங்கள் வீட்டிலும் அப்பா மாத்திரை எடுக்கிறார். கஃபீனும் அப்படித்தான். கர்ப்பிணிகள் நாளொன்றுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டவேண்டாம் என்பதே இங்குள்ள சுகாதார அறிவுரை. ரொபஸ்ராக் கோப்பி ஒரு குவளையே அதைத் தாண்டிவிடக்கூடும். பின்னேரம் நாலு மணிக்கு விருந்தினருக்குக் கொடுத்துவிட்டு, இரவு இரண்டு மணிக்கு அவர்களிடமிருந்து குறுஞ்செய்தி வாங்கிய அனுபவம் எங்களுக்கு உண்டு.

எனவே இப்போது ஒரு வழி செய்திருக்கிறோம். வருபவர்களிடம் நேரத்தையும் வருத்தத்தையும் கேட்டுவிட்டுத்தான் தூள் அளக்கிறோம். அப்பாவுக்குத் தூளைப் பாதியாக்கி, ரின்பால் இல்லாமல், நிறைய ஐஸோடு கறுப்பாகக் கொடுக்கிறோம். வியட்நாமிலும் அப்படிக் குடிப்பவர்கள் ஏராளம். முதல் வாரம் கசாயம் என்று திட்டினார். இப்போது காலை பத்து மணியானால் வடியைக் கழுவி அடுக்கிவைத்துவிட்டு, கேத்திலைப் போடச் சொல்லிக் கூப்பிடுகிறார்.