டிஸ்பிளே வரேல்லையோ? ஹார்ட் டிஸ்க்கைத் தொடவேண்டாம்

மாரி பிறந்துவிட்டால் யாழ் குடாநாட்டின் கணினி திருத்தும் கடைகளில் சிபியு பெட்டிகள் சேரத் தொடங்கிவிடும். பொலித்தீன் சுற்றி, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக் கொண்டுவருவார்கள். முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான். “தம்பி, லைற் எரியுது, ஃபான் சுத்துது, டிஸ்பிளே மட்டும் வரேல்லை.” பிறகு குரல் இறங்கும்: “உள்ளுக்கு இருந்த படங்கள் எல்லாம் போயிட்டுதோ?”

போகவில்லை. இதைத்தான் முதலில் சொல்லவேண்டும். சுவிட்சைப் போட்டதும் இயங்குவது விண்டோஸ் அல்ல, மதர்போட்டில் ஒரு சிப்பில் இருக்கும் பயோஸ். அது புரொசசரையும் ரம்மையும் கிராபிக்ஸையும் சோதித்த பிறகே திரையில் முதல் எழுத்து விழும். விண்டோஸைத் தேடி ஹார்ட் டிஸ்க்கிடம் போவது அதற்கும் பிறகு. ஆகவே கொம்பனிச் சின்னம்கூடத் தெரியாமல் திரை இருண்டு கிடந்தால், “போர்மற் அடிச்சால் சரி” என்று யார் சொன்னாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கடைக்குப் போகுமுன் வெளியே இருப்பவற்றைப் பார்த்துவிடலாம். “நோ சிக்னல்” என்று எழுத்து வந்தால் மொனிற்றர் உயிரோடு இருக்கிறது. அதற்குப் படம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். கேபிளை இரு பக்கமும் கழற்றிப் பூட்டுங்கள். தனிக் கிராபிக்ஸ் காட் இருந்தால் கேபிள் அதில்தான் இருக்கவேண்டும். இன்டெல் புரொசசரின் பெயர் ‘எஃப்’ என்று முடிந்தால் அதனுள் கிராபிக்ஸ் கிடையாது. மதர்போட்டின் துளையில் கேபிளைச் செருகிவிட்டு எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் படம் வராது.

அடுத்தது ரம். நம் ஊரில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். குடாநாட்டில் கடலுக்குத் தூரமான ஊர் என்று ஒன்று இல்லை. சோளகம் வீசும் மாதங்களில் செம்மண் புழுதி உள்ளே போகும். மாரியில் ஈரமும் உப்பும் அதன்மேல் படியும். பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தி, மிச்சக் கரண்டை இறக்குங்கள். பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு, ரம்மின் கிளிப்பை விலக்கி எடுங்கள். அடிவிளிம்பின் பொன்னிறப் பற்களை வெளிச்சத்தில் பிடித்தால் மங்கலான படலம் தெரியும். பிள்ளையின் பள்ளிப் பையில் இருக்கும் வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தூரிகையால் தட்டிவிடுங்கள். பிறகு கிளிப் ‘டிக்’கென்று தானே பூட்டும்வரை நேராக அழுத்துங்கள். இரண்டு ரம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். புதிய டிடிஆர்5 ரம் என்றால் முதல் தடவை திரை சில நிமிடம் இருண்டே இருக்கும், அவசரப்பட்டு நிறுத்தக்கூடாது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து, பூட்டிக் கிடந்த வீட்டில் கணினியைப் போட்டாலும் இதே கதைதான். அங்கே மதர்போட்டின் சிஆர்2032 பற்றரியையும் பாருங்கள். 3 வோல்ற் பற்றரி அது. பிளக் கழற்றிய நிலையில் சில நிமிடம் எடுத்து வைத்தால் பயோஸ் பழைய நிலைக்குத் திரும்பும். தேய்ந்துபோயிருந்தால் புதிது போடுங்கள்.

மின்சாரம் தனிக் கதை. 1990இல் போரால் தெற்கிலிருந்து வந்த லக்சபானா கரண்ட் அறுந்த பிறகு குடாநாடு நெடுங்காலம் ஜெனரேட்டரில் தங்கியிருந்தது. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் 13 மணி நேரம்வரை மின்வெட்டு. போன கரண்ட் திரும்பும் கணத்தில் வரும் தள்ளாட்டமும், ஐப்பசி கார்த்திகை இடியும் பவர் சப்ளையைத் தின்கின்றன. மதர்போட்டில் உருளை வடிவக் கப்பாசிற்றர்களின் தலை உப்பியிருந்தால் அவை பழுது. ஃபான் சுற்றுவதால் பவர் சப்ளை நல்லது என்று முடிவு கட்டவும் முடியாது. புரொசசருக்குத் தனியாக ஒரு 12 வோல்ற் இணைப்பு போகிறது, அது வராவிட்டாலும் ஃபான் சுற்றும். பவர் சப்ளையை மட்டும் வீட்டில் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்னேற்றம் இருக்கும்.

பார்த்தவுடனே “மதர்போட் போச்சு” என்று சொல்லும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்ட ஊர் இது. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடிச் சாமான் வராதபோது, பழைய பெட்டிகளில் கழற்றிய பாகங்களை வைத்தே இங்குள்ள திருத்துநர்கள் சமாளித்தார்கள். வேறொரு பவர் சப்ளையும் வேறொரு ரம்மும் போட்டுப் பார்க்காமல் மதர்போட்டைக் குற்றம் சொல்வது வேலையல்ல. ரூபாய் சரிந்த பிறகு ஒரு மதர்போட்டின் விலை பல வீடுகளுக்கு ஒரு மாதச் செலவு.

1995 ஒக்டோபர் 30 இரவு போரால் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது பலர் படங்களை வீட்டிலேயே விட்டு வந்தார்கள். பிறகு கனடாவிலும் லண்டனிலும் இருந்த சொந்தங்கள் ஸ்கான் செய்து அனுப்பிய பிரதிகளே அவர்களிடம் மிச்சம். அவை இருக்கும் இடம் அந்த ஹார்ட் டிஸ்க். டிஸ்பிளே வருகிறதா என்று பார்க்க அது தேவையே இல்லை. இரண்டு வயரும் நாலு திருகாணியும் கழற்றினால் கையில் வந்துவிடும், எம்.2 வகையென்றால் ஒரே திருகாணி. அதை வீட்டில் வைத்துவிட்டுப் பெட்டியை மட்டும் கடைக்குக் கொடுங்கள். திருத்தி வந்ததும், அன்றைக்கே படங்களை இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து வையுங்கள்.