மௌனம் சம்மதமானால்...

வீடு கட்ட மனு கொடுத்துவிட்டு நகராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். ‘முடியாது’ என்ற பதிலைவிடக் கொடுமையானது பதிலே வராமல் இருப்பதுதான். மறுத்துவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். திருத்தம் கேட்டால் திருத்திக் கொடுக்கலாம். பைல் மேஜை மேலேயே கிடந்தால் யாரிடம் போய் முறையிடுவது?

அந்த மௌனத்துக்கு ஒரு பொருள் கற்பித்தது தெலங்கானா அரசு. 2020-ஆம் ஆண்டு நிறைவேறிய கட்டட அனுமதிச் சட்டத்தின்படி ‘டி.எஸ். பி-பாஸ்’ என்ற கம்ப்யூட்டர் முறை அவ்வாண்டு நவம்பர் 16-ஆம் தேதி ஹைதராபாத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. பெரிய கட்டடங்களுக்கான மனு மீது 21 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 22-ஆம் நாள் அனுமதி கொடுத்ததாகவே கருதப்படும்.

சிறிய வீடுகளுக்கு இன்னும் எளிது. 75 சதுர கஜம் வரையுள்ள மனையில் தரைத்தளமோ, அதன் மேல் ஒரு மாடியோ கட்ட அனுமதியே தேவையில்லை. ஒரு ரூபாய் செலுத்திப் பதிவு செய்தால் போதும் என்றது சட்டம். 75 சதுர கஜம் என்பது 675 சதுர அடி; சென்னைக் கணக்கில் கால் கிரவுண்டுக்குச் சற்று அதிகம். அதற்கு மேல் 500 சதுர மீட்டர் வரையுள்ள மனையில், 10 மீட்டர் உயரத்துக்குள் கட்டும் வீடுகளுக்கு, உரிமையாளரே உறுதிமொழி அளித்தால் உடனடி அனுமதி. உறுதிமொழி பொய்யென்று தெரிந்தால் நோட்டீஸ் இல்லாமலே இடிக்கலாம் என்ற கடுமையான விதியும் கூடவே இருந்தது.

‘பேசுக’ என்ற குறிப்பு

காகித பைல் காலத்தில் அதிகாரிக்கு வழிகள் பல. ‘அனுமதிக்கலாம்’ என்று எழுதலாம். ‘நிராகரிக்கலாம்’ என்று எழுதலாம். விளக்கம் கேட்டுத் திருப்பலாம். ஓரத்தில் ‘பேசுக’ என்று ஒரே சொல்லை எழுதிக் கீழே அனுப்பியும் விடலாம். என்ன பேசினார்கள், எப்போது பேசினார்கள் என்பதற்குப் பைலில் சுவடு இருக்காது. மாதங்கள் ஓடிவிடும்.

கம்ப்யூட்டரில் அப்படி ஓரம் கிடையாது. எத்தனை பொத்தான்கள் வைக்கிறோமோ, அத்தனை முடிவுகள்தான் எடுக்க முடியும். ‘ஏற்பு’, ‘மறுப்பு’, ‘திருத்தத்துக்குத் திருப்புக’, ‘மேலதிகாரிக்கு அனுப்புக’ என்று பொத்தான்களுக்குப் பெயர் வைப்பது வெறும் கம்ப்யூட்டர் வேலையன்று. அலுவலகத்தில் யாருக்கு என்ன அதிகாரம் என்பதையே அங்கு தீர்மானிக்கிறார்கள். எந்தப் பொத்தானையும் அழுத்தாமல் இருப்பதும் ஒரு செயலே. ஹைதராபாத் முறையில் அந்தச் செயலுக்கும் சட்டம் ஒரு முடிவை வைத்தது.

எப்படிச் சோதிப்பது?

இத்தகைய முறையை எழுதுவதைவிடச் சோதிப்பது கடினம். ‘ஏற்பு’ பொத்தானை அழுத்தினால் அனுமதிக் கடிதம் வருகிறதா என்று பார்ப்பது சுலபம். மற்ற வழிகளில்தான் வம்பு ஒளிந்திருக்கும்.

21-ஆம் நாள் தீபாவளியாக இருந்தால் நாள் கணக்கு எப்படி? அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டால் அவர் முன்னிருந்த மனு யாரிடம் போகும்? கடைசி நிமிஷத்தில் அவர் ‘மறுப்பு’ பொத்தானை அழுத்த, அதே நேரத்தில் கம்ப்யூட்டர் தானாக அனுமதி கொடுத்துவிட்டால் மனுதாரருக்கு இரண்டு கடிதமும் போகுமா? மறுப்புக்குக் காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் ஒரு புள்ளியை மட்டும் வைத்தால் கம்ப்யூட்டர் அதை ஏற்றுக்கொள்ளுமா? அதிகாரமில்லாத குமாஸ்தாவின் திரையில் ‘ஏற்பு’ பொத்தான் தெரிகிறதா? ஒவ்வொன்றையும் பொய் மனுக்களை ஓடவிட்டுப் பார்த்தாக வேண்டும்.

எல்லாவற்றிலும் சூட்சுமமானது ‘திருப்புக’ பொத்தான். திருப்பியதும் நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குமானால், இருபதாம் நாள்தோறும் ஒரு சந்தேகம் கேட்டே மனுவை ஆண்டுக்கணக்கில் இழுத்துவிடலாம். சட்டம் தந்த காலக்கெடுவை ஒரு பொத்தான் தின்றுவிடும். தொழிற்சாலை அனுமதிக்காகத் தெலங்கானா 2014-இல் இயற்றிய ‘டி.எஸ். ஐ-பாஸ்’ சட்டம் இதை முன்கூட்டியே யோசித்தது. கூடுதல் விவரத்தை ஒரே ஒரு முறைதான் கேட்கலாம் என்று விதித்தது. மிகப் பெரிய தொழில்களுக்கு 15 நாள், மற்றவற்றுக்கு 30 நாள் என்று கெடுவும் வைத்தது. தாமதிக்கும் அலுவலருக்கு நாளொன்றுக்கு ரூ.1,000 அபராதம் என்றும் அறிவிக்கப்பட்டது.

மறுபக்கமும் உண்டு

மௌனத்தைச் சம்மதமாக்குவதில் ஆபத்தும் இருக்கிறது. ஹைதராபாத் ஏரிகளின் நகரம். 2024 ஜூலையில் அமைக்கப்பட்ட ‘ஹைட்ரா’ அமைப்பு ஏரி நிலங்களில் எழுந்த கட்டடங்களை இடித்தபோது, அங்கெல்லாம் அனுமதி கொடுத்தது யார் என்ற கேள்வி பலமாக எழுந்தது. அதிகாரி கையெழுத்திட்டுத் தந்த அனுமதியே தவறாகலாம் என்றால், யாருமே பாராமல் 22-ஆம் நாள் தானாகக் கிடைக்கும் அனுமதிக்கு இரட்டை எச்சரிக்கை வேண்டும். ஏரி, நாலா, அரசு நிலம் ஆகியவற்றின் சர்வே எண்கள் முதலிலேயே கம்ப்யூட்டரில் ஏறியிருக்க வேண்டும். அந்த எண்ணுக்கு மனு வந்தால் நாள் கணக்கு ஓடாமல் நிற்க வேண்டும். அப்படி ஒரு மனுவைப் போட்டுப் பார்க்காத சோதனை முழுச் சோதனையாகாது.

சோதிப்பவர்கள் எழுதியவர்களாக மட்டும் இருந்தாலும் போதாது. எழுதியவருக்கு எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்பது அத்துப்படி. மேஜையில் தினமும் உட்காரப்போகும் அலுவலர் பழக்கதோஷத்தில் தவறாக அழுத்துவார். அவசரத்தில் இரு முறை அழுத்துவார். அவரை உட்கார வைத்துப் பார்த்தால்தான் ஓட்டை தெரியும்.

2025-இல் கட்டட அனுமதிக்கு ‘பில்ட் நவ்’ என்ற புதிய முறை வந்துவிட்டது. திரை மாறினாலும் கேள்விகள் மாறவில்லை. மல்காஜ்கிரியில் ஓய்வூதியப் பணத்தில் மாடி எழுப்ப நினைக்கும் ஒருவருக்குப் பொத்தானின் பெயர் முக்கியமில்லை. மனு இப்போது யாரிடம் இருக்கிறது, எந்தத் தேதிக்குள் பதில் வரும், வராவிட்டால் என்ன ஆகும் என்ற மூன்று விவரங்கள் அவருக்குத் தெரிய வேண்டும். மனு கொடுத்த அன்றே தேதியையும் பதிவு எண்ணையும் அவர் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. நாள் கணக்கு அந்தத் தேதியை வைத்துத்தான்.